இருட்டியதும் அணைந்த அழைப்பு மணி: முதியோர் வளாகம் ஒன்றில் நெட்வொர்க் சுவிட்ச் தேர்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் வளாகத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வளாகத்தின் பெயரோ, அங்கே இருப்பவர்களின் பெயரோ, சாதனங்களை விற்ற நிறுவனங்களின் பெயரோ இதில் வராது. நிர்வாகக் குழுவும், விழுந்து அடிபட்ட பெரியவரும், அவருடைய மகளும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அழைப்பு மணி, கேமரா, வைஃபை மூன்றையும் ஒரே சுவிட்சில், அதாவது நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஒரே பெட்டியில், மாட்டி வைத்திருக்கும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பொறுப்பில் இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பின்னணி

பழைய ரப்பர் தோட்டத்தின் ஒரு துண்டில், சரிவான நிலத்தில் அமைந்த வளாகம் அது. நான்கு கட்டடங்கள். ஏ பிளாக்கில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் தம்பதிகள். பி, சி பிளாக்குகளில் குளிக்க, உடுத்த, நேரத்துக்கு மருந்து எடுக்கத் துணை தேவைப்படுபவர்கள். டி பிளாக்கில் படுக்கையில் இருப்பவர்கள். மொத்தம் அறுபதுக்கு மேல். பலருடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் வந்தால் போதும், வளாகம் முழுக்க வீடியோ அழைப்பு ஓடும். சவுதியிலும் கத்தாரிலும் குவைத்திலும் அன்றைக்கு விடுமுறை.

சி பிளாக்கில் 14 அறைகள். ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அழைப்புப் பலகை. அதில் ஒரு பொத்தான், ஒரு ஸ்பீக்கர், வேலை செய்கிறது என்று காட்ட ஒரு சின்னப் பச்சை விளக்கு. கழிப்பறையில் தொங்கும் இழுகயிறும் இதே பலகையில்தான் சேர்கிறது. இழுத்தால் செவிலியர் மேசையில் மணி அடிக்கும்.

இந்தப் பலகைகளுக்குத் தனியாக மின் இணைப்பு கிடையாது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் வருகிறது. இதைத்தான் பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) என்கிறோம். 2003-இல் வந்த முதல் தர அளவின்படி சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு, அதாவது கேபிள் செருகும் ஒரு துளைக்கு, 15.4 வாட் வரை தரலாம், 2009-இல் வந்த அடுத்ததில் 30 வாட், 2018-இல் வந்ததில் 90 வாட் வரை. ஆனால் ஒரு போர்ட்டுக்கு எவ்வளவு என்பது வேறு, பெட்டி மொத்தமாக எவ்வளவு தரும் என்பது வேறு. விளம்பரத் தாளில் முதல் எண் பெரிதாக இருக்கும். இரண்டாவது எண் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

சி பிளாக்கில் இருந்தது 24 போர்ட் சுவிட்ச், மொத்த மின் வரம்பு 190 வாட். கட்டடம் கட்டும்போது மின் வேலை எடுத்தவரே வாங்கி மாட்டியது. கணினியிலிருந்து உள்ளே நுழைந்து அமைப்பைப் பார்க்க வழியில்லாத சாதாரண வகை. முதல் 6 போர்ட்டில் கேமராக்கள், அடுத்த 4 வைஃபை கருவிகளுக்கு, அதில் இரண்டு காலியாக இருந்தன. 11 முதல் 24 வரை அறைகளின் அழைப்புப் பலகைகள்.

ஜூன் மாதம், இடவப்பாதி மழை தொடங்கிய சமயத்தில், வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று குடும்பங்கள் புகார் சொன்னார்கள். நிர்வாகம் உடனே இரண்டு வைஃபை கருவிகளை வாங்கி, காலியாக இருந்த 9, 10 போர்ட்டுகளில் மாட்டியது. அழைப்புகள் தெளிவாக வந்தன, எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த இரவு

ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு, 12-ஆம் அறையில் இருந்த 84 வயதுப் பெரியவர் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு கழிப்பறைக்குப் போனார். தரையில் ஈரம். வழுக்கி இடுப்பு அடிபட விழுந்தார். எழ முடியவில்லை. கைக்கு எட்டிய இழுகயிற்றை இழுத்தார். மேசையில் மணி அடிக்கவில்லை. மறுபடி மறுபடி இழுத்ததாகச் சொல்கிறார். வெளியே நல்ல மழை, அவர் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை.

இரவுச் சுற்று 11, 2, 5 மணி என்று வைத்திருந்தார்கள். இரண்டு மணிச் சுற்றில் பார்த்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணிச் சுற்றில்தான் சிஸ்டர் அவரைக் கண்டார். உடம்பு குளிர்ந்து, நாக்கு வறண்டு, முழங்கையில் அழுத்தப் புண் தொடங்கியிருந்தது. நாகர்கோவில் மருத்துவமனையில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது தெரிந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது.

வயதானவர்கள் விழுவதைப் பற்றிப் பேசும்போது எலும்பு முறிவை மட்டும் பேசுகிறோம். விழுந்த இடத்திலேயே நெடுநேரம் கிடப்பது தனியாக ஓர் ஆபத்து. உடம்பின் எடை ஒரே பக்கம் அழுத்துவதால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். நீரிழப்பு, தோல் புண், நுரையீரல் தொற்று எல்லாம் பின்னால் வரலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலே மருத்துவர்கள் இதைக் கவலையோடு பார்ப்பார்கள். இங்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். சிறுநீரகம் தப்பியது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருடைய மகள் கேட்டபோது யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

காலை எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்து அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். மணி கணீரென்று அடித்தது. அவர் பதிவேட்டில் "சரியாக உள்ளது" என்று எழுதினார். பெரியவர் பதற்றத்தில் கயிற்றை இழுக்காமலே இழுத்ததாக நினைக்கிறார் என்ற பேச்சு எழுந்தது.

என்ன பார்த்தோம்

நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். பகலில் எல்லாம் வேலை செய்கிறது என்பது தெரிந்த விஷயம், அதனால் முதலில் இரவுப் பணிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஜூலை மாதப் பக்கம் ஒன்றில் "13-ஆம் அறை டீச்சர் லைட் பற்றி மறுபடியும் கேட்கிறார்" என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே வேறு கையெழுத்தில், "காலையில் பார்த்தாச்சு, எரிகிறது."

டீச்சருக்கு 81 வயது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறைக்குப் போய்க் கேட்டேன்.

"நான் அந்தப் பிள்ளைகிட்ட எத்தனை தடவை சொன்னேன். மக்களே, விளக்கு வைக்கிற நேரம் தாண்டினா இந்தப் பச்சை லைட் அணைஞ்சு போவுது, விடிஞ்சாத்தான் எரியுதுன்னு. டீச்சர் நீங்க தூங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிருவா."

அவருடைய மருத்துவக் கோப்பைப் பார்த்தபோது மனம் கனத்தது. ஜூலைக் குறிப்பில் "ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், மறதி தொடங்குகிறதா என்று கவனிக்கவும்" என்று எழுதியிருந்தது. வளாகத்தில் இருந்த அத்தனை பேரிலும் கோளாறைச் சரியாகக் கவனித்து, சரியான நேரத்தோடு சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம், யாரும் கேட்காததுதான்.

மாலை வரை அங்கேயே இருந்தேன். ஆறரையைத் தாண்டி வெளிச்சம் குறைந்ததும் வராந்தாக் கேமராக்கள் ஒவ்வொன்றாக "டிக்" என்று சத்தம் போட்டு இரவு நிலைக்கு மாறின. அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது உள்ளே இருக்கும் வடிகட்டி நகரும் சத்தம் அது. கடைசிக் கேமரா மாறிய ஒரு நிமிடத்துக்குள் 12, 13, 14 அறைகளின் பச்சை விளக்குகள் அணைந்தன.

மறுநாள் ஒவ்வொரு கேபிளிலும் மீட்டர் வைத்துப் பகலிலும் இரவிலும் அளந்தோம். அழைப்புப் பலகை ஒன்றுக்கு 6 வாட், 14 பலகைக்கு 84. வைஃபை கருவி ஒன்றுக்கு 13 வாட், நான்குக்கு 52. கேமரா பகலில் 5 வாட், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது 11. ஆறு கேமராக்களுக்குப் பகலில் 30, இரவில் 66. ஆக, பகலில் மொத்தம் 166 வாட், இரவில் 202. பெட்டியின் வரம்பு 190.

வரம்பைத் தாண்டினால் இந்த வகைப் பெட்டிகள் சில போர்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். முன்னுரிமை எதுவும் சொல்லி வைக்காதபோது பல சுவிட்சுகளில் சிறிய எண் போர்ட் முதலில் பிழைக்கும், பெரிய எண் போர்ட் முதலில் போகும். இரண்டு பலகைகளை நிறுத்தினால் சரியாக 190-இல் நிற்கும், மூன்றை நிறுத்தினால் 184. பெட்டி மூன்றை நிறுத்தியது. அவைதான் 22, 23, 24-ஆவது போர்ட்டுகள், வராந்தாவின் கோடியில் இருக்கும் மூன்று அறைகள்.

ஜூனுக்கு முன் இரண்டு வைஃபை கருவிகள் மட்டும் இருந்தபோது இரவுக் கணக்கு 176. வரம்புக்குள் இருந்தது. ஆகவே இரண்டு மாதமாகத்தான் அந்த மூன்று அறைகள் இரவில் ஊமையாக இருந்திருக்கின்றன. மாதச் சோதனை எப்போதும் காலை பத்து மணிக்கு நடந்ததால் அது எதிலும் படவில்லை.

கேபிளையும் வெட்டிப் பார்த்தோம். சில அறைகளுக்குப் போனது முழுச் செம்பு இல்லை, செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். தரவு மட்டும் போகும் கேபிளில் இது உடனே தெரியாது. மின்சாரமும் போகும் கேபிளில் அது வழியிலேயே வீணாகிச் சூடாக மாறும். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போட்ட கேபிள், அதே பெட்டியின் வரம்பைத் தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கே செய்தவை

பெரிய முடிவுகளுக்குக் காத்திருக்கவில்லை. புதிதாகப் போட்ட இரண்டு வைஃபை கருவிகளை அன்று மாலையே கழற்றினோம். அழைப்புப் பலகைகளை 1 முதல் 14 வரை மாற்றி, கேமராக்களைக் கடைசிக்குத் தள்ளினோம். இனி ஏதாவது அணைந்தால் கேமரா அணையட்டும். கோடி அறைகளில் பித்தளைக் கைமணி வைத்தார்கள். இரவுச் சுற்று மணிக்கு ஒரு முறை என்றானது. டீச்சரின் கோப்பில் இருந்த மறதிக் குறிப்பை மருத்துவரே அடித்துவிட்டு, காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். இந்தக் கடைசி வேலையை நான் கேட்காமலே அவர்கள் செய்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

எதை வாங்குவது

புதிய சுவிட்சுகளுக்கு விலைப்புள்ளி கேட்டபோது வந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. ஒன்றில் நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள மையச் சுவிட்ச், ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். இன்னொன்றில் பழையதைப் போலவே ஒரு சாதாரணப் பெட்டி, கொஞ்சம் அதிக வாட். இன்னொருவர் எல்லாவற்றையும் ஒரே 48 போர்ட் பெட்டியில் அடக்கிவிடலாம் என்றார்.

வேகத்தைப் பற்றிய பேச்சை ஒரு சின்னக் கணக்கு முடித்து வைத்தது. வளாகம் முழுக்க 32 கேமராக்கள், ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் 128. ஒரே நேரத்தில் 20 வீடியோ அழைப்புகள், ஒன்றுக்கு 3 என்றால் 60. அழைப்புப் பலகையின் குரல் இதில் ஒரு பொருட்டே இல்லை. எல்லாம் சேர்த்து 200-க்குள். 1 கிகாபிட் இணைப்பில் ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமை மதியம்கூட 10 கிகாபிட்டுக்கு அங்கே வேலை இல்லை.

உரிமக் கட்டணத்தைப் பற்றி நிர்வாகக் குழு நிறைய யோசித்தது. கிளவுட் வழியாக நிர்வகிக்கும் சில சுவிட்சுகளில் உரிமம் காலாவதியாகிச் சலுகை நாட்களும் முடிந்தால் பெட்டியே வேலையை நிறுத்திவிடும். நன்கொடையிலும் மாதக் கட்டணத்திலும் நடக்கும் ஓர் இடத்தில், கணக்கர் மாறும் ஒரு வருடம் பணம் கட்ட மறந்துபோவது நடக்கக் கூடியதே. கிழவர் ஒருவரின் அழைப்பு மணி அதில் சிக்கக் கூடாது என்று அந்த வகையை ஒதுக்கினோம்.

அப்புறம், ஒவ்வொரு விற்பனையாளரிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டோம்: இந்தப் பெட்டி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்யும்போது போர்ட்டுகளில் மின்சாரம் நிற்குமா? நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒன்று மறுதொடக்கம் ஆகிப் பழைய நிலைக்கு வரச் சில நிமிடம் ஆகலாம். அதன் பிறகு பலகைகள் விழித்தெழ இன்னும் கொஞ்சம். மென்பொருள் புதுப்பிப்பு என்று நள்ளிரவில் யாராவது வைத்துவிட்டால் அத்தனை நேரமும் ஒரு பிளாக் முழுக்க மணி கிடையாது. சில மாடல்களில் மறுதொடக்கத்தின் போதும் மின்சாரம் தொடரும் வசதி உண்டு. அது இருப்பதை மட்டுமே பரிசீலித்தோம்.

மின்விசிறியும் ஒரு பிரச்சினை. பெட்டி இருக்கும் அலமாரி படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்களுக்கு இடைவிடாத அந்த இரைச்சல் பெரிய தொந்தரவு. விசிறி இல்லாத பெட்டி சத்தம் போடாது, ஈரக் காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்காது. ஆனால் சூடு தாங்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் மூடிய அலமாரிக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால் 50 டிகிரி வரை வேலை செய்யும் என்று உறுதி தரப்பட்டதையே எடுத்தோம். அலமாரிக் கதவிலும் காற்று வழிகள் வெட்டினோம்.

வாங்குமுன் ஒரு பெட்டியை இரவலாகக் கேட்டு மாட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. 16 போர்ட், 150 வாட், விசிறி இல்லாதது. நமக்கு வேண்டியது 84 வாட்தான், தாராளமாகப் போதும் என்று நினைப்போம். மாட்டினால் 9 பலகைகள் மட்டுமே எரிந்தன. பலகை 6 வாட் எடுத்தாலும், தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற வகையைச் சுவிட்சிடம் சொல்லும்போது முதல் தர அளவின் உச்ச வகையைச் சொல்கிறது. பெட்டி உண்மையில் எடுப்பதைப் பார்க்காமல், சொன்ன வகைக்கு உரிய 15.4 வாட்டை ஒதுக்கி வைக்கிறது. 9 பலகைக்கு 138.6 வாட். பத்தாவதுக்கு இடமில்லை. அமைப்பில் ஒரு தெரிவை மாற்றி, உண்மையான பயன்பாட்டின்படி கணக்கிடச் சொன்னதும் பதினான்கும் எரிந்தன. ஆனாலும் யாராவது பெட்டியைத் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டால் ஐந்து அறைகள் இருண்டுவிடும் என்பதால், அதே வகையில் 24 போர்ட், 250 வாட் பெட்டிக்குப் போனோம். பதினான்கு பலகையும் உச்சத்தில் கேட்டாலும் 215.6 வாட்தான். எந்த அமைப்பும் இல்லாமலே தாங்கும்.

பிரித்து வைத்தது ஏன்

குழுவின் பொருளாளர் வங்கியில் மேலாளராக இருந்தவர், கேள்வி கேட்காமல் ஒரு ரூபாயும் விடமாட்டார். ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு சுவிட்ச் என்று நான் சொன்னதும் கேட்டார்: "தம்பி, வி-லேன் போட்டுப் பிரிச்சுரலாம்னு இன்னொருத்தர் சொல்லுதாரே. பிறகு எதுக்கு ரெண்டு பெட்டி?"

நல்ல கேள்விதான். ஒரே பெட்டியில் கேமராவின் தரவையும் மணியின் தரவையும் ஒன்றை ஒன்று தொடாமல் வி-லேன் பிரிக்கும், அதையும் செய்தோம். ஆனால் மின்சாரத்தை அது பிரிக்காது. ஒரே மின் வரம்பு, ஒரே மறுதொடக்கம், ஒரே ஆயுள். நாளைக்கு ஒருவர் வைஃபை கருவி ஒன்றைப் புதிதாக வாங்கிக் காலிப் போர்ட்டில் மாட்டுவார். இப்போது வரும் சில கருவிகள் 25 வாட் வரை எடுக்கும். போர்ட் முன்னுரிமை சரியாக இருந்தால் மணி பிழைக்கும். இல்லாவிட்டால் ஜூனில் நடந்ததே திரும்ப நடக்கும். மணிக்கென்று தனிப் பெட்டி இருந்தால், அதில் வேறெதையும் மாட்டக் கூடாது என்பதை ஒரு சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்டிவிடலாம், எலக்ட்ரீஷியன் மாறினாலும் அது புரியும். அவர் ஒத்துக்கொண்டார். விலை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடியது, அதற்காக ஏ பிளாக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடிவானது.

டி பிளாக்கில் இதற்கும் மேலே ஒரு படி போனோம். அங்கே கழிப்பறைக் கயிற்றிலிருந்து 24 வோல்ட் தனிக் கம்பி இழுத்து, வராந்தாவில் ஒரு சிவப்பு விளக்கும் பஸ்ஸரும் வைத்தோம். நெட்வொர்க் முழுவதும் செத்தாலும் அது அடிக்கும். என்னைக் கேட்டால் இந்த முழு வேலையிலும் மிகவும் உருப்படியானது இந்தப் பழைய காலத்துக் கம்பிதான்.

கேமரா, வைஃபை இரண்டுக்கும் 370 வாட் வரம்புள்ள 24 போர்ட் பெட்டி. 24-ஐ 15.4-ஆல் பெருக்கினால் 369.6 வருவதால்தான் சந்தையில் 370 என்ற எண் அடிக்கடி தென்படுகிறது. அதில் விசிறி உண்டு, ஆகவே சாமான் அறையில் வைத்தோம். அறைக்குள்ளும் கேமரா வேண்டும், வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று சில பிள்ளைகள் கேட்டார்கள். அறைக்குள் கேமரா கிடையாது என்று குழு மறுத்துவிட்டது. உடை மாற்றும் இடத்தில் கண் வைக்க யாருக்கும் உரிமை இல்லை, பெற்ற பிள்ளைக்கும்தான்.

கட்டடங்களுக்கு இடையே

அலுவலகத்திலிருந்து சி பிளாக் ஏறக்குறைய 160 மீட்டர். செம்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். முன்பு வேலை செய்தவர் இடையில் இருந்த பழைய புகைப்புரையில், பம்பு செட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன சுவிட்ச் வைத்து ஒட்டுப் போட்டிருந்தார். உள்ளே எறும்புப் புற்று, ஒரு செத்த பல்லி. மோட்டார் ஓடும்போதெல்லாம் மின்னழுத்தம் ஆடும். ரப்பர் ஷீட் உலர்த்திய இடத்தின் புகைக் கரி எல்லாவற்றின் மேலும்.

இந்தப் பகுதிக்கு இரண்டு பருவமழை. ஐப்பசி மாத மாலைகளில் மலைப் பக்கம் இடி சரமாரியாக விழும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பி போனால், பக்கத்தில் விழும் இடியின் அதிர்ச்சி அதன் வழியாக இரண்டு பக்கப் பெட்டிகளையும் அடிக்கும். ஒளியிழையில், அதாவது ஃபைபர் கேபிளில், மின்சாரம் பாயாது. நான்கு கட்டடங்களுக்கும் ஒற்றை முறை ஒளியிழைக் கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தோம், மேலே எச்சரிக்கைப் பட்டியும் போட்டோம். கேபிளைச் சுற்றி உலோகக் கவசம் இருந்தால் அதையும் பூமித் தொடர்பு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒளியிழை போட்ட பலன் பாதி போய்விடும்.

மின்சாரம் போனால்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. ஆகவே ஜெனரேட்டர் இருக்கிறதே என்று யாரும் சொல்லவில்லை. டீசல் தீரலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

மணிச் சுவிட்சுக்கும் பலகைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 105 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருக்கிறது. இன்வெர்ட்டர் இழப்பையும், பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதையும் கழித்து அறுபது சதவீதம் எடுத்தால் 1,080. பத்து மணி நேரம் வரும். ஒரு முழு இரவுக்குப் போதும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வைத்தோம். சாதாரண நிலையில் மாறும் இடைவெளியிலேயே சில சுவிட்சுகள் மறுதொடக்கம் ஆகிவிடும்.

இரவில் சோதனை

ஒப்படைப்புச் சோதனை இருட்டிய பிறகுதான் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். அக்டோபர் தொடக்கத்தில், மாலை ஏழரைக்கு, எல்லாக் கேமராக்களும் இரவு நிலையில், எல்லா வைஃபை கருவிகளிலும் வீடியோ ஓட, ஒவ்வொரு கயிற்றையும் இழுத்தோம். பிறகு பிரதான மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இழுத்தோம். பிறகு சுவிட்சை மறுதொடக்கம் செய்துவிட்டு இழுத்தோம்.

மூன்றாவதில் முதல் முறை தோற்றது. மறுதொடக்கத்திலும் மின்சாரம் தொடரும் என்று சொன்ன வசதி பெட்டியில் இருந்தது, ஆனால் ஆலையிலிருந்து வரும்போது அணைத்தே வருகிறது. அதைப் போட்டதும் விளக்குகள் அணையாமல் நின்றன. இருந்தாலும் சுவிட்ச் விழிக்கும் வரை தரவு போகாது, மணி அடிக்காது. அந்த வசதியால் மிச்சமானது, பலகைகள் மறுபடி தொடக்கத்திலிருந்து எழும் நேரம் மட்டும்தான். புதுப்பிப்பு வேலை எதுவானாலும் காலை பத்து மணிக்கு, எல்லோரும் விழித்திருக்கும்போது, ஒரு பணியாளர் வராந்தாவில் நிற்க மட்டுமே செய்ய வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

பிறகு நடந்தது

நவம்பரில் ஒரு மாலை, பி பிளாக்குக்கு அருகே தென்னை ஒன்றில் இடி விழுந்தது. வெளிச்சுவர்க் கேமரா ஒன்றும், அது மாட்டியிருந்த கேமராச் சுவிட்சும் போயின. மணிச் சுவிட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அமைப்பெல்லாம் ஏற்றித் தயாராக வைத்திருந்த உதிரிப் பெட்டியை எலக்ட்ரீஷியனே அன்றிரவு மாற்றினார். உத்தரவாதப்படி மாற்றுப் பெட்டி வந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. வளாகத்துக்கு உள்ளேயே ஓர் உதிரி வேண்டும் என்று வாதாடியது இதற்காகத்தான்.

எந்த அழைப்புப் பலகையிலாவது மின்சாரம் நின்றால் பணிப் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி போகும்படி வைத்திருக்கிறோம். முதல் சில வாரம் தேவையில்லாத செய்திகள் நிறைய வந்தன. வெள்ளையடிப்பவர்கள் கேபிளைக் கழற்றுவார்கள், கட்டில் நகர்த்தும்போது இழுபடும். சலித்துப்போய் அதை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தது. தலைமைச் சிஸ்டர் விடவில்லை. இப்போது கேபிளைத் தொடுமுன் பதிவேட்டில் எழுதுகிறார்கள், செய்திகள் குறைந்துவிட்டன.

மாதச் சோதனை வாரச் சோதனையாகி, இரவு ஏழு மணிக்கு நடக்கிறது. சி பிளாக்கில் அதை நடத்துவது 13-ஆம் அறை டீச்சர். ஒவ்வோர் அறையாகப் போய்க் கயிற்றை இழுக்கச் சொல்லி, மேசையில் மணி அடித்ததா என்று கேட்டு, வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்ட நோட்டில் குறிக்கிறார். 12-ஆம் அறைப் பாட்டா மூன்றாவது வாரத்தில் வாக்கரோடு திரும்பி வந்தார். கழிப்பறைத் தரையை மாற்றி, கைப்பிடி வைத்து, இழுகயிற்றைத் தரையில் கிடப்பவர் கைக்கும் எளிதாக எட்டும்படி நீட்டினோம். தனியாகக் கழிப்பறைக்குப் போக இப்போதும் அவருக்குத் தயக்கம். சிஸ்டர் கூடவே போகிறார்.

இனி மாற்ற வேண்டியவை

இரவில் பெரியவர்கள் சொல்வதைப் பகலில் சரிபார்க்கும் வழக்கத்தை வளாகம் கைவிட்டிருக்கிறது. புகார் எந்த நேரத்தில் வந்ததோ அந்த நேரத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று பணி விதியில் சேர்த்தார்கள். வேறு இல்லங்களும் முதலில் இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்குச் செலவே இல்லை.

புதிய கருவி எதை மாட்டினாலும் அந்தப் பெட்டியின் இரவு வாட் கணக்கை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு தாள் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் இருக்கிறது. கேமரா, வைஃபை பெட்டிகளில் அது ஒழுங்காக நிரப்பப்படுகிறதா என்பதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. டி பிளாக்கில் போட்ட 24 வோல்ட் கம்பியை பி, சி பிளாக்குகளுக்கும் நீட்ட வேண்டும். சுவரைக் கொத்த வேண்டியிருப்பதால் அறை காலியாகும்போது ஒவ்வொன்றாகச் செய்வதாகத் திட்டம். அலுமினியக் கேபிள் சி பிளாக்கில் முழுதும் மாற்றியாயிற்று, பி பிளாக்கில் மேல்மாடி பாக்கி.

ஏ பிளாக் இன்னும் பழைய சுவிட்சில்தான் ஓடுகிறது. அங்கே இரவு மொத்தம் 140 வாட், வரம்பு 190, ஆகவே இப்போதைக்கு ஆபத்தில்லை. புதிதாக எதையும் மாட்டக் கூடாது என்று அதன் காலிப் போர்ட்டுகளை அடைத்துப் பூட்டியிருக்கிறோம். பலகைகளை முதல் போர்ட்டுகளுக்கு மாற்றியாயிற்று. ஏப்ரலில் பணம் ஒதுக்குவதாகப் பொருளாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை மணிக்கு ஒரு முறை இரவுச் சுற்று அங்கேயும் தொடர்கிறது.